மூணு வருஷ எல்.எல்.பி.: மதுரை லா காலேஜா, டெல்லி யுனிவர்சிட்டியா?

டிகிரி ரிசல்ட் வர்ற சீசன் வந்தா எங்க வீட்டுக்கு இந்தக் கேள்வியும் கூடவே வந்துரும், குடும்பத்துல கருப்புக் கோட்டு போட்ட ஆளு நான் ஒருத்தன்தான்ங்கிறதால. இந்தத் தடவை ரெண்டு பேரு. ஒண்ணு உசிலம்பட்டில கட்டிக்கொடுத்த எங்க பெரியம்மா மகளோட பொண்ணு, பி.காம். முடிச்சிருக்கா, பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். இன்னொண்ணு மதுரை அண்ணா நகர்ல இருக்க சித்தப்பா மகன், இங்கிலீஷ் லிட்ரேச்சர், நல்லா வாசிப்பான், நல்லா பேசவும் பேசுவான், வீட்டுல கொஞ்சம் வசதி. ரெண்டு பேரும் கேட்ட கேள்வி ஒண்ணுதான், மதுரை கவர்மென்ட் லா காலேஜ்லயே சேரவா இல்ல டெல்லி யுனிவர்சிட்டிக்கு என்ட்ரன்ஸ் எழுதவான்னு. நான் சொன்ன பதில் மட்டும் ஆளுக்கு ஒண்ணா ஆயிருச்சு, அதுல அந்தப் பொண்ணோட அம்மா, எங்க அக்காவுக்குக் கோவம் வருது, "என் மகள்னா இளக்காரமா"ன்னு. அதுக்காகத்தான் உக்காந்து முழுசா எழுதுறேன்.

என் கணக்கு சிம்பிள். எந்தக் காலேஜ் பெருசுங்கிறதை ரெண்டாவதா வைங்க. படிச்சு முடிச்சிட்டு எந்தக் கோர்ட்டுல, எந்த மொழில, யாருக்காக எந்திரிச்சு நிக்கப் போறீங்க, முதல் நாலஞ்சு வருஷம் சோத்துக்கு யாரு வழி பண்ணுவா, இது தெரிஞ்சா காலேஜ் தானா முடிவாயிரும். தெரியலைன்னாலும் பரவால்ல, 21 வயசுல யாருக்குத் தெரியும், ஆனா எந்தப் பக்கம் மனசு சாயுதுன்னாவது பாக்கணும்.

முதல்ல சில விஷயங்களை ஒதுக்கி வச்சிருவோம். அஞ்சு வருஷ கோர்ஸ் பத்தி இங்க பேசல, அது ப்ளஸ் டூ முடிச்சவங்களுக்கு. திருச்சி திண்டுக்கல் ரோட்டுல இருக்க நேஷனல் லா யுனிவர்சிட்டிக்கு கிளாட்னு ஒரு என்ட்ரன்ஸ் எழுதணும், 2 மணி நேரத்துல 120 கேள்வி, முழுக்க இங்கிலீஷ், பீஸும் வருஷத்துக்கு லட்சக்கணக்குல போகும், அது தனி உலகம். டிகிரி முடிச்சவங்களுக்கு பெங்களூர் நேஷனல் லா ஸ்கூல்லயும் 2022-ல இருந்து மூணு வருஷ கோர்ஸ் இருக்கு, அதுக்குத் தனி என்ட்ரன்ஸ், பீஸைப் பாத்துட்டு எங்க சித்தப்பா அந்தப் பக்கமே திரும்பல. சென்னைல பெருங்குடில சட்டப் பல்கலைக்கழகத்தோட சொந்த ஸ்கூல் இருக்கு, அங்க மூணு வருஷ ஹானர்ஸ் கிடைச்சா மார்க் நல்லா இருக்கவங்க தாராளமா போகலாம், குறை சொல்ல ஒண்ணுமில்ல.

சென்னைன்னதும் நிறைய பேரு மனசுல ஹைகோர்ட் காம்பவுண்டுக்குள்ள இருக்க அந்த செவப்புக் கட்டடத்தை நினைச்சிட்டு இருக்காங்க. 1891-ல ஆரம்பிச்ச காலேஜ், பழம் பெருமை எல்லாம் உண்மை. ஆனா 2018-லயே காலேஜை ரெண்டாப் பிரிச்சு புதுப்பாக்கத்துக்கும் பட்டரைபெரும்புதூருக்கும் கொண்டு போயிட்டாங்க, இப்ப சேர்றவங்க ஊருக்கு வெளியதான் படிப்பாங்க. கட்டடத்தைப் பாத்து அப்ளிகேஷன் போட்டுறாதீங்க.

தபால்ல பி.ஜி.எல்.ங்கிற பொதுச் சட்டப் படிப்பு படிச்சா வக்கீல் ஆகலாமான்னு இன்னும் கேக்குறாங்கப்பா. ஆக முடியாது. சட்டம் தெரிஞ்சுக்கலாம், ஆபீஸ்ல ப்ரமோஷனுக்கு உதவலாம், ஆனா வக்கீலாப் பதிவு பண்ற பார் கவுன்சில்ல என்ரோல் பண்ண ரெகுலரா போய் படிச்ச எல்.எல்.பி. வேணும். அதே மாதிரி பத்தாவது, பன்னெண்டாவது முறையா முடிக்காம நேரா ஓப்பன் யுனிவர்சிட்டில டிகிரி வாங்கினவங்களுக்கும் பார் கவுன்சில் 2008 ரூல்படி எல்.எல்.பி. சேரத் தகுதி இல்ல. பக்கத்து மாநிலத்துல பேருக்கு சேந்துட்டு பரிட்சைக்கு மட்டும் போய் வர்ற காலேஜ் பத்தி ஏஜென்ட் யாராவது பேசினா போனைக் கட் பண்ணிருங்க. அந்த சர்டிபிகேட்டோட என்ரோல்மென்ட்டுக்குப் போய் நின்னு அட்டெண்டன்ஸ் கேக்கும்போது முழிச்சவங்களைப் பாத்திருக்கேன், பணமும் போச்சு, மூணு வருஷமும் போச்சு.

சரி, டெல்லிக்கு வருவோம்.

டெல்லி யுனிவர்சிட்டி லா பேகல்டி 1924-ல ஆரம்பிச்சது, நூறு வருஷம் தாண்டியாச்சு. உள்ள மூணு சென்டர் இருக்கு, கேம்பஸ் லா சென்டர், லா சென்டர் ஒண்ணு, லா சென்டர் ரெண்டு, சிலபஸும் டிகிரியும் ஒண்ணுதான். சேர்றதுக்கு என்.டி.ஏ.ங்கிற தேசியத் தேர்வு ஏஜென்சி நடத்துற சி.யு.இ.டி. பி.ஜி. என்ட்ரன்ஸ் எழுதணும், லா பேப்பர்ல 75 கேள்வி, சரின்னா 4 மார்க், தப்புன்னா 1 கழிப்பாங்க. பொதுப்பிரிவுக்கு டிகிரில 50 சதவீதம் இருக்கணும். இங்க ஒண்ணை நல்லா கவனிக்கணும், டிகிரில நீங்க 80 எடுத்தீங்களா 60 எடுத்தீங்களாங்கிறது அங்க ரேங்க்ல வராது, அந்த ஒரு பரிட்சைதான். நம்ம ஊர்ல தலைகீழ், இங்க என்ட்ரன்ஸே கிடையாது, டிகிரி மார்க்கை வச்சுத்தான் ரேங்க் லிஸ்ட். அதனால காலேஜ்ல சுமாரா மார்க் எடுத்துட்டு ஆனா மண்டை நல்லா வேலை செய்யுற பசங்களுக்கு டெல்லிதான் வாசல் திறந்து வச்சிருக்கு. எங்க சித்தப்பா மகன் அந்த ரகம், வாத்தியாரோட சண்டை போட்டே இன்டர்னல் மார்க்கைத் தொலைச்சவன்.

அங்க சொல்லிக் கொடுக்கிற விதம்தான் உண்மையான வித்தியாசம்னு நான் நினைக்கிறேன். ஒவ்வொரு பேப்பருக்கும் கேஸ் மெட்டீரியல்னு ஒரு தொகுப்பு போடுறாங்க, அதுல சட்டப் பிரிவு கொஞ்சமா இருக்கும், மிச்சமெல்லாம் தீர்ப்பு. கான்ட்ராக்ட்னா 1893 கார்பாலிக் ஸ்மோக் பால் கம்பெனி கேஸ்ல ஆரம்பிச்சு, காணாமப் போன பையனைத் தேடிக் கண்டுபிடிச்ச வேலைக்காரருக்கு பரிசுப் பணம் உண்டா இல்லையான்னு அலகாபாத் ஹைகோர்ட் 1913-ல சொன்ன லால்மன் சுக்லா கேஸ், மைனர் போட்ட அடமானம் செல்லாதுன்னு 1903-ல ப்ரிவி கவுன்சில் (வெள்ளைக்காரன் காலத்துல லண்டன்ல இருந்த கடைசி அப்பீல் கோர்ட்டு) சொன்ன மோஹரி பீபி கேஸ்னு வரிசையாப் போகும். நடந்த கதை என்ன, கேள்வி என்ன, ஜட்ஜ் எதை வச்சு அந்த முடிவுக்கு வந்தாரு, மாத்திச் சொல்லியிருக்க முடியுமா, இதைத்தான் கிளாஸ்ல போட்டு கடையுவாங்க. பரிட்சைலயும் ஒரு கதையைக் கொடுத்து யாரு ஜெயிப்பா, ஏன்னு எழுதச் சொல்லுவாங்க. சந்திரசூட், அவருக்குப் பின்னாடி வந்த சஞ்சீவ் கன்னா, அடுத்தடுத்து ரெண்டு சீஃப் ஜஸ்டிஸும் கேம்பஸ் லா சென்டர்ல படிச்சவங்க. அதுக்காக அங்க சேந்த எல்லாரும் ஜட்ஜ் ஆயிடுவாங்கன்னு இல்ல, கூட உக்காந்து படிக்கிற பசங்க எப்பேர்ப்பட்டவங்கன்னு காட்டத்தான் சொல்றேன். அங்க பாதிப் பேரு ஐ.ஏ.எஸ். பரிட்சைக்குத் தயாராகிட்டே எல்.எல்.பி. படிக்கிறவங்க, முகர்ஜி நகர் கோச்சிங் கூப்பிடு தூரம்தான். இது நல்லதா கெட்டதான்னா ரெண்டும்தான், போட்டி சூடா இருக்கும், ஆனா கோர்ட்டு மேல ஆசையில்லாத கூட்டத்துக்கு நடுவுல நம்ம ஆசையும் தேய வாய்ப்பு இருக்கு.

இன்டர்ன்ஷிப் விஷயத்துல டெல்லிய அடிச்சுக்க ஆளில்ல. சுப்ரீம் கோர்ட்டு, டெல்லி ஹைகோர்ட்டு, ட்ரிப்யூனல்கள், பெரிய லா ஃபர்ம்கள் எல்லாம் மெட்ரோல போற தூரம். கம்பெனி லா, ஆர்பிட்ரேஷன், டாக்ஸ் இந்த மாதிரி வேலைக்குப் போகணும், ஆபீஸ்ல உக்காந்து சம்பளத்துக்கு வேலை பாக்கணும்னா மதுரைல இருந்துட்டு அதைப் பிடிக்கிறது ரொம்பக் கஷ்டம், இதை ஊர்ப் பாசத்துக்காக மறைக்க முடியாது.

இனி செலவு. பீஸைப் பாத்து யாரும் பயப்பட வேணாம், மூணு வருஷ கோர்ஸுக்கு வருஷத்துக்கு சில ஆயிரத்துல முடியும் (2023-ல புதுசா தொடங்கின அஞ்சு வருஷ கோர்ஸ் மட்டும் வேற, அதுக்கு லட்சத்துல கேக்குறாங்க). கொல்றது ரூம் வாடகைதான். ஹாஸ்டல் எல்லாருக்கும் கிடைக்காது, விஜய் நகர், கமலா நகர் பக்கம் ரூம் எடுத்தா ஒரு மாச வாடகையும் மெஸ்ஸும் சேந்து மதுரை லா காலேஜ் ஒரு வருஷ பீஸைத் தாண்டிரும். ஊருக்கு வந்து போறதுன்னா சம்பர்க் கிராந்திலயோ திருக்குறள் எக்ஸ்பிரஸ்லயோ கிட்டத்தட்ட ரெண்டு நாள். டிசம்பர் குளிரு, நவம்பர் புகை, ஹிந்தி தெரியாம வீட்டு ஓனர்கிட்ட பேசுறது, இதெல்லாம் மூணு மாசத்துல பழகிரும், அதை ஒரு காரணமா நான் சொல்ல மாட்டேன். பொம்பளப் புள்ளைய எப்படி அம்புட்டு தூரம் அனுப்புறதுன்னு எங்க அக்கா கேட்டப்பவும் அதேதான் சொன்னேன், பயந்து அனுப்பாம இருக்காத, வேற காரணம் இருந்தா பேசுவோம்னு. என் கிட்ட வேற காரணம் இருந்துச்சு.

அந்தக் காரணம் டாக்டர் தங்கராஜ் சாலைல இருக்கு.

மதுரை லா காலேஜ் 1974-ல வந்தது. வயசுல டெல்லிக்கு பேரன் மாதிரிதான். பீஸு ரொம்பக் கம்மி, 69 சதவீத இட ஒதுக்கீடு, பரிட்சையைத் தமிழ்லயும் எழுதலாம். உள்ள நடக்கிறதை மறைக்காம சொல்லணும்னா, பொதுவாவே நம்ம கவர்மென்ட் லா காலேஜ்கள்ல பாடம் நடத்துறது ஆளுக்கு ஆள் மாறும், ஒரு சப்ஜெக்ட்டுக்கு அருமையான வாத்தியார் வாய்ப்பாரு, இன்னொண்ணுக்கு நோட்ஸ் ஜெராக்ஸ்தான் வாத்தியார். பசங்க கைடு வாங்கி, அஞ்சு வருஷ கொஸ்டின் பேப்பரைப் பாத்து, முக்கியமான பத்து கேள்வியை உருப்போட்டு பாஸ் பண்ணிருவாங்க. அப்படி பாஸ் பண்ணி வந்தவங்க கோர்ட்ல ஒரு தீர்ப்பைக் கையில கொடுத்தா எந்தப் பாராவைப் படிக்கணும்னு தெரியாம தடுமாறுவாங்க. டெல்லி பசங்க இதுல நிச்சயமா ஒரு படி மேல.

ஆனா மதுரைக்குன்னு ஒண்ணு இருக்கு, அது காலேஜ் காம்பவுண்டுக்கு வெளிய இருக்கு. 2004 ஜூலை 24-ல ஹைகோர்ட் பெஞ்ச், அதாவது சென்னை ஹைகோர்ட்டோட மதுரைக் கிளையை, உலகனேரில தொறந்தாங்க. மாட்டுத்தாவணில இருந்து மேலூர் பஸ் ஏறினா ஒத்தக்கடைக்கு முன்னாடி இறங்கிரலாம். கன்னியாகுமரில இருந்து கரூர், தஞ்சாவூர் வரைக்கும் 14 மாவட்டத்து கேஸ் அங்கதான் வருது. ஜில்லா கோர்ட்டு காலேஜுக்குக் கிட்டத்துலயே. மதுரைல படிக்கிற ஒருத்தன் காலைல கிளாஸ், லீவு விட்டா பெஞ்ச், சாயங்காலம் சீனியர் ஆபீஸ்னு ஓட முடியும், வேற பல ஊர் லா காலேஜ் பசங்களுக்கு ஹைகோர்ட்டுன்னா புத்தகத்துல படிக்கிறதுதான்.

அங்க நடந்த கேஸுகளைப் பாருங்க. 2006-ல ஒருத்தர் ரேக்ளா ரேஸுக்கு அனுமதி கேட்டு ரிட் போடுறாரு, ஜட்ஜு பானுமதி அம்மா ரேக்ளாவோட ஜல்லிக்கட்டுக்கும் சேத்துத் தடை போட்டுட்டாங்க, அங்க புடிச்ச நெருப்புதான் 2014 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, 2017 போராட்டம், சட்டத் திருத்தம், 2023 அரசியல் சாசன பெஞ்ச் தீர்ப்பு வரைக்கும் போச்சு. 2020 சாத்தான்குளம் விவகாரத்தை பெஞ்ச் தானாவே முன்வந்து எடுத்துச்சு, கீழடி தோண்டுறது பத்தின வழக்குகளும் இங்கதான் நடந்துச்சு. ஓப்பன் கோர்ட்டுங்கிறதால பின்னாடி ஓரமா நின்னு வாதத்தைக் கேட்டுட்டு வரலாம், மூணு வருஷ கோர்ஸுக்கு குறைஞ்சது 12 வாரம் இன்டர்ன்ஷிப் பண்ணணும்னு பார் கவுன்சில் ரூலே இருக்கு, அதை யாராவது தெரிஞ்ச வக்கீல்கிட்ட கையெழுத்து மட்டும் வாங்கி முடிக்கிற பழக்கத்தை விட்டுட்டு ஒழுங்கா ஒரு சீனியர் பின்னாடி சுத்தினா டெல்லி இன்டர்ன்ஷிப்புக்குக் கொஞ்சமும் குறையாது, நம்ம பக்கத்து கேஸுக்கு அதைவிட ஒசத்தி.

ஏன் ஒசத்தின்னா மொழி. ஹைகோர்ட்ல இங்கிலீஷ்தான், தமிழ்ல நடத்தணும்னு 2006-ல சட்டசபைல தீர்மானம் போட்டும் இன்னும் நடக்கல. ஆனா கீழ் கோர்ட்டுல பிராது, பதிலுரை, சாட்சி விசாரணை எல்லாம் தமிழ். கட்சிக்காரர் கொண்டு வர்ற கட்டுல இருக்கது தமிழ், அதுவும் நம்ம பேசுற தமிழ் இல்ல. "இதன் நான்கெல்லைக்குட்பட்ட" "சர்வ சுதந்திர பாத்தியமாய்" "யாதொரு வில்லங்கமும் இல்லையென்றும்" அப்படின்னு நாலு பக்கத்துக்கு முற்றுப்புள்ளியே இல்லாம ஓடுற கிரையப் பத்திரம். அதுல எந்த வரில சொத்து கை மாறிச்சு, எந்த வரில பாதை உரிமை ஒளிஞ்சிருக்குன்னு கண்டுபிடிக்கிறதுதான் உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் முன்சீப் கோர்ட்டுல பாதி வேலை. குறுக்கு விசாரணைல "அந்த வாய்க்கா வரப்பு யாரு வெட்டினது"ன்னு கேக்கணும், அதுக்கு சாட்சி சொல்ற பதில்ல ஒரு சொல்லு அங்கிட்டு இங்கிட்டு ஆனா கேஸே திரும்பிரும். டெல்லில மூணு வருஷம் இங்கிலீஷ்லயே யோசிச்சிட்டு வந்த ஆளுக்கு இது பழக ரெண்டு வருஷமாவது பிடிக்கும். பழகிட்டா அந்த ஆளு பயங்கரமான வக்கீல் ஆயிடுவாருங்கிறதும் உண்மை, ரெண்டு ஆயுதமும் கையில இருக்குமே.

இந்த இடத்துல ஒரு சின்ன கிளைக்கதை. இந்து சட்டம் படிக்கிற பசங்க இந்தியா முழுக்க உருப்போடுற ஒரு வரி இருக்கு, எழுதி வச்ச சாஸ்திரத்தை விட நிரூபிக்கப்பட்ட வழக்கத்துக்குத்தான் கனம் ஜாஸ்திங்கிற அர்த்தத்துல. அது எங்க இருந்து வந்துச்சு தெரியுமா, ராமநாதபுரம் சமஸ்தானத்துல ராணி தத்து எடுத்தது செல்லுமான்னு மதுரை கலெக்டருக்கும் சேதுபதிக்கும் நடந்த வழக்குல 1868-ல ப்ரிவி கவுன்சில் சொன்னது. டெல்லி கிளாஸ்ல அது வெறும் ஒரு கேஸ் பேரு. நம்ம புள்ளைகளுக்கு அந்தக் குடும்பம், அந்த அரண்மனை, அந்த வழக்கம் எல்லாம் பக்கத்து ஊரு. வக்கீல் வைத்தியநாத ஐயர் 1939 ஜூலை 8-ல மீனாட்சி கோயிலுக்குள்ள ஆலயப் பிரவேசம் நடத்தினதும் அதுக்கப்புறம் அவங்க மேல கேஸ் வராம இருக்க அரசாங்கம் சட்டம் கொண்டு வந்ததும் அப்படித்தான், அது நம்ம பார்ல நடந்த கதை.

படிப்பு முடிஞ்சதும் வர்ற காலத்தைப் பேசலாம், பெத்தவங்க கேக்க மறக்கிறது இதைத்தான். டெல்லில படிச்சாலும் தமிழ்நாடு பார் கவுன்சில்ல என்ரோல் பண்ணலாம், எங்க பிராக்டிஸ் பண்ணப் போறோமோ அந்த மாநிலம்தான் கணக்கு. என்ரோல்மென்ட்டுக்கு ஆயிரக்கணக்குல வாங்கிட்டு இருந்ததை 2024 ஜூலை 30-ல சுப்ரீம் கோர்ட் நிறுத்திருச்சு, பொதுப்பிரிவுக்கு 750, எஸ்.சி., எஸ்.டி.க்கு 125 ரூபாய்க்கு மேல என்ரோல்மென்ட் பீஸ் கேக்கக் கூடாது. அப்புறம் ஏ.ஐ.பி.இ.ங்கிற அகில இந்திய பார் தேர்வு எழுதணும், 100 கேள்வி, 45 மார்க் எடுத்தா பாஸ், எஸ்.சி., எஸ்.டி.க்கு 40, தமிழ்லயும் எழுதலாம், குறிப்பு எதுவும் எழுதாத சட்டப் புத்தகத்தை உள்ள கொண்டு போகலாம். 2024 ஜூலை 1-ல இருந்து ஐ.பி.சி., சி.ஆர்.பி.சி.ங்கிற பழைய கிரிமினல் சட்டமெல்லாம் போயி புதுசா பி.என்.எஸ்., பி.என்.எஸ்.எஸ். வந்துருச்சு, அதனால பழைய கைடு யாராவது பாதி விலைக்குக் கொடுத்தா வாங்காதீங்க. பழைய கேஸுக்கு பழைய சட்டம்தான்ங்கிறதால கோர்ட்டுல ரெண்டும் ஓடுது, அது சீனியர் ஆபீஸ்ல கத்துக்கலாம்.

வருமானம். ஜூனியருக்கு சென்னை, மதுரை, கோயம்புத்தூர்ல மாசம் 20,000, மத்த ஊர்ல 15,000 கொடுக்கணும்னு 2024-ல ஹைகோர்ட் சொல்லி தமிழ்நாடு பார் கவுன்சிலும் சர்க்குலர் விட்டுச்சு. பேப்பர்ல பாக்க நல்லாத்தான் இருக்கு. நடைமுறைல பெட்ரோல் காசும் மத்தியானச் சாப்பாடும் கொடுக்கிற ஆபீஸ்தான் இன்னும் ஜாஸ்தி. ஆக முதல் நாலஞ்சு வருஷம் வீட்டு ஆதரவு வேணும். டெல்லி வாடகையைக் கட்டி மூணு வருஷம் படிக்க வச்ச வீட்டுல, திரும்பி வந்த பையன் மதுரைல அஞ்சாயிரத்துக்கு ஓடினா அப்பா முகம் எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கங்க. அதே அப்பா மதுரைல கொஞ்சம் பீஸைக் கட்டிட்டு மிச்சத்தைச் சேத்து வச்சு, ஜூனியரா இருக்கப்ப மாசாமாசம் கொடுத்தா பையன் தைரியமா நல்ல சீனியராப் பாத்து இருப்பான், காசு கொடுக்கிற சீனியரைத் தேடி அலைய மாட்டான். நான் பாத்த வரைக்கும் மதுரைல நல்லா வந்த நிறைய பேருக்கு இதுதான் அடிப்படை, அறிவு அடுத்துதான்.

ஜட்ஜ் பரிட்சை ஆசை இருக்கவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். 2025 மே 20-ல சுப்ரீம் கோர்ட், சிவில் ஜட்ஜ் பரிட்சை எழுத மூணு வருஷம் பிராக்டிஸ் இருக்கணும்னு சொல்லிருச்சு, படிச்சு முடிச்ச கையோட எழுதலாம்ங்கிற காலம் போச்சு. தமிழ்நாட்டுல அந்தப் பரிட்சையை டி.என்.பி.எஸ்.சி. நடத்துது, மெயின்ஸ்ல மொழிபெயர்ப்புக்கே தனி பேப்பர், தமிழ் சாட்சியத்தை இங்கிலீஷுக்கும் இங்கிலீஷ் தீர்ப்பைத் தமிழுக்கும் மாத்தணும். எங்க அக்கா மகளுக்கு மனசுல இருக்கது இதுதான், கோட்டு போட்டு வாதாடுறத விட மேடைல உக்காந்து கேக்குறதுல ஆசை. அவளுக்கு மதுரை லா காலேஜு, கூடவே உசிலம்பட்டி கோர்ட்டுல ஒரு சிவில் சீனியர், அதுக்கு மேல மூணு வருஷ பிராக்டிஸ், அப்புறம் பரிட்சைன்னு வழி நேரா இருக்கு. டெல்லி போனா அந்த வழில ஒரு வளைவு கூடும், அம்புட்டுத்தான். "இளக்காரமா"ன்னு கேட்ட எங்க அக்காவுக்கு பதில் இது, உம்மக ஜட்ஜ் ஆகணும்னுதான் இங்க இருக்கச் சொல்றேன்.

அவளுக்கு ஒரு வேலை மட்டும் கொடுத்திருக்கேன். டெல்லி பேகல்டி கேஸ் மெட்டீரியலை எல்லாம் வெப்சைட்லயே பி.டி.எப்.பா போட்டிருக்காங்க, காசு கிடையாது. மதுரைல கைடு படிச்சு பாஸ் பண்றது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த சப்ஜெக்ட்டோட டெல்லி மெட்டீரியலை எடுத்து வாரத்துக்கு ரெண்டு தீர்ப்பாவது முழுசாப் படிக்கணும், இங்கிலீஷ் முதல்ல முட்டும், டிக்‌ஷனரி வச்சுப் படிச்சாலும் பரவால்ல, படிச்சதைத் தமிழ்ல ஒரு பக்கம் எழுதணும். இதைச் செஞ்சா மொழிபெயர்ப்பு பேப்பருக்கும் பயிற்சி, தீர்ப்பு படிக்கவும் பயிற்சி. டெல்லில கிடைக்கிறதுல முக்காவாசி வீட்டுக்கே வந்துருது, வராதது கிளாஸ்ல நடக்கிற சண்டையும் பழக்கமாகுற ஆட்களும்தான்.

அந்தச் சண்டையும் ஆட்களும்தான் எங்க சித்தப்பா மகனுக்கு வேணும். அவனுக்கு டெல்லி சரி. டிகிரி மார்க்கை வச்சு மதுரை ரேங்க் லிஸ்ட்ல அவன் பேரு எங்க நிக்கும்னு அவனுக்கே தெரியும், இங்கிலீஷ் நல்லா வரும், வாடகை கட்ட வீட்டுல தெம்பு இருக்கு, கோர்ட்டா கம்பெனியா ஐ.ஏ.எஸ்ஸான்னு இன்னும் முடிவு பண்ணல, அந்த மாதிரி ஆளுக்கு மூணு கதவும் ஒரே ஊர்ல தொறந்து கிடக்கிறது நல்லதுதான். திரும்பி வந்து பெஞ்ச்ல பிராக்டிஸ் பண்ணணும்னு பின்னாடி தோணுச்சுன்னா லீவுக்கு வர்றப்பவே என் ஆபீஸ்ல வந்து பத்திரம் படிக்கச் சொல்லியிருக்கேன், பழைய கிரையப் பத்திரம் நாலஞ்சு கட்டு எடுத்தும் வச்சிருக்கேன், தலை சுத்தும், சுத்தட்டும்.

அவன் இன்னும் யோசிக்காத ஒண்ணு சர்டிபிகேட்டு. நம்ம ஊரு பி.சி., எம்.பி.சி. கார்டு டெல்லில செல்லாது. அங்க சென்ட்ரல் ஓ.பி.சி. 27 சதவீதம்தான், அதுக்கு நான்-க்ரீமி லேயர் (வசதியான பிரிவுல வராதவங்க) சர்டிபிகேட்டுன்னு தனியா தாசில்தார் ஆபீஸ்ல வாங்கணும், வருமான வரம்பு 8 லட்சம், அந்தந்த நிதியாண்டுக்குப் புதுசா இருக்கணும். அப்பாவோட வேலை, பதவி எல்லாம் பாப்பாங்க. இங்க பி.சி. லிஸ்ட்ல இருக்க எல்லா சமூகமும் சென்ட்ரல் லிஸ்ட்ல இருக்குன்னும் இல்ல, பேரு வேற மாதிரி எழுதியிருந்தாலும் அட்மிஷன் டேபிள்ல நிப்பாட்டி வச்சிருவாங்க, அங்க போய் நின்னுக்கிட்டு மதுரை தாலுகா ஆபீஸுக்கு போன் போட்டா யாரு எடுப்பா. தம்பி, இ-சேவைல அப்ளிகேஷனை இந்த வாரமே போட்டுரு, சர்டிபிகேட்டு கைக்கு வந்ததும் சென்ட்ரல் லிஸ்ட்ல இருக்க ஸ்பெல்லிங்கும் அதுல இருக்க ஸ்பெல்லிங்கும் ஒண்ணா இருக்கான்னு சரிபாத்துட்டு எனக்கு ஒரு போட்டோ அனுப்பு.